கோயிலுக்குப் போகாமல் அவரைக்காய்ப் பந்தலடியில் உட்கார்ந்துவிடுகிறேன், இது பாவமா?

வாசகர் கேள்வி:

"ஊத்தங்கரை பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு 47 வயது. போன வருஷம் ஆவணியில் வீட்டுக்காரர் நெஞ்சுவலி வந்து ஒரே ராத்திரியில் போய்விட்டார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் டிசம்பர் மழையில் ஏரித் தண்ணீர் தோட்டத்துக்குள் புகுந்து தக்காளி, வெங்காயம் எல்லாம் போனது. முக்கால் ஏக்கர் இன்னும் மணல் மூடிக் கிடக்கிறது. இருபது பெங்களூரா மாமரம் தப்பியது. இந்த வருஷம் காய்த்தும் விலை இல்லை. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று பாதியை மரத்திலேயே விட்டுவிட்டோம். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

வருகிறவர்கள் எல்லாரும் 'சாமி உன்னைச் சோதிக்குது, பக்குவப்படுத்துது, மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்கிறார்கள். எனக்கு ஒரு பக்குவமும் வரவில்லை, கோபம்தான் வருகிறது. விளக்கை கை ஏற்றுகிறது, மனசு கல்லாக இருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் அவரைப் பந்தல், நாலு கத்தரி, கொஞ்சம் கனகாம்பரம் வைத்திருக்கிறேன். அங்கே இருக்கும்போதுதான் மூச்சு சீராகிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பி, பந்தலடியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். 'சாமியையே மறந்துட்டியா' என்று மாமியார் கேட்கிறார். இது பாவமா? கஷ்டத்தில்தான் ஆன்மிக வளர்ச்சி வரும் என்கிறார்களே, எனக்கு ஏன் வரவில்லை? ஆடியில் போட்ட அவரைகூட கொடி மட்டும் ஓடுகிறது, ஒரு பூ இல்லை."

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

பாவம் இல்லை. மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு முட்டுகிற ஒருவர் மூச்சு விட முடிகிற இடத்தில் போய் உட்காருவதை எந்தச் சாமியும் குற்றமாக எடுத்துக்கொள்ளாது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது பந்தலடி இல்லை, விடியற்காலை மூன்று மணி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

'சாமி பக்குவப்படுத்துது' என்று சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கும்போது வாயில் வருகிற வார்த்தை அது. ஆனால் கேட்கிறவருக்கு அது என்ன செய்கிறது என்று தருமபுரியில் என் முன்னால் வந்து உட்காருகிறவர்களிடம் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கணவனை இழந்தவளுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிடுகிறது. இழந்தது வீண்போகவில்லை என்று ஊருக்குக் காட்டுவதற்காக அவள் சீக்கிரம் மேலான மனுஷியாக மாறியாக வேண்டும். மாறாவிட்டால் அதுவும் அவள் குறை. அதைவிட மோசமான ஒன்றும் அந்த வார்த்தைக்குள் இருக்கிறது. உங்களுக்குப் பாடம் சொல்லித்தர ஒரு மனுஷனின் உயிர் எடுக்கப்பட்டது என்று ஆகிவிடுகிறது. இதை நான் ஏற்பதில்லை. பல வருஷம் கழித்து 'அந்தக் காலம் என்னை மாற்றியது' என்று நீங்களே உணர்ந்து சொன்னால் அது உங்களுக்குச் சொந்தமான உண்மை. அதை உங்களுக்காக முன்கூட்டியே சொல்கிற உரிமை வேறு யாருக்கும் இல்லை.

அந்த மழையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. கரையேறியபின் சீக்கிரம் நகரவில்லை. பல மணி நேரம் அங்கேயே நின்று பெய்துவிட்டு, வலுவிழந்து மேற்கே நம் பக்கம் வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் பதிவானது. நம் மாவட்டங்களில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் அது. எந்த ஏரிக்கரையும் எந்தத் தோட்டமும் அதற்குத் தயாராக இல்லை. பேருந்து நிலையம் பக்கம் நின்ற வண்டிகளே இழுத்துக்கொண்டு போனதை நீங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். அந்த மழை உங்கள் தோட்டத்தைத் தேடி வந்ததில்லை. உங்களைவிட நல்லவர்கள் நிலமும் முழுகியது, கெட்டவர்கள் நிலமும் முழுகியது. மாங்காய் விலையும் அப்படித்தான். 2025-இல் மாங்கூழ் ஆலைகளில் பழைய சரக்கு தேங்கியிருந்தது, விளைச்சலும் ஒரேயடியாக வந்தது. கிலோ 5 ரூபாய்க்கும் கேட்பாரில்லாமல் கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க விவசாயிகள் கலங்கி நின்றார்கள். அதில் உங்கள் பக்தியின் அளவு எங்கேயும் கணக்கில் வரவில்லை.

'மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சிவனை நாள்தோறும் கும்பிட்டவர்கள்தான் இதைச் சொன்னார்கள். மழை ஏன் இங்கே பெய்தது, ஏன் அங்கே பெய்யவில்லை என்று சாமியின் வாயில் வார்த்தையைப் போடாத அடக்கம் அவர்களிடம் இருந்தது. உங்களைப் பார்க்க வருகிறவர்களிடம் இந்த அடக்கத்தைத்தான் நான் கேட்பேன்.

சரி, கஷ்டத்தில் வளர்ச்சியே வராதா? வரும். பலருக்கு வந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹூனும் 1990-களின் நடுவில் இதற்கு 'அதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி' என்று பெயர் வைத்து, பெரிய இழப்பைக் கடந்தவர்களிடம் அதை ஆராய்ந்தார்கள். உறவுகள் நெருங்குவது, வாழ்க்கையில் எது முக்கியம் என்பது மாறுவது, தன் பலம் தனக்கே தெரியவருவது, ஆன்மிகத்தில் ஆழம் கூடுவது, முன்பு தெரியாத வழிகள் கண்ணில் படுவது என்று பல விதமாக அது தெரிந்தது. ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் விட்டுவிடுகிற இரண்டு விஷயங்களை அவர்களே அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். அடி தானாக யாரையும் வளர்ப்பதில்லை. அடி விழுந்தபின் அதோடு ஒருவர் நாள்கணக்கில் மல்லுக்கட்டுகிறாரே, வளர்ச்சி அதிலிருந்து வருகிறது. இன்னொன்று, வளர்ச்சி வந்தால் வலி போய்விடும் என்றில்லை. இரண்டும் ஒரே மனசில் ஒரே சமயத்தில் இருக்கும். அப்புறம், வளர்ச்சி வராதவர்கள் தோற்றவர்களும் இல்லை. பத்திரமாக மறுகரை சேர்ந்தாலே போதும் என்ற நிலைமைகள் உண்டு.

உங்களிடம் மாமரம் இருப்பதால் இதை நான் மாமரத்தை வைத்தே சொல்லலாம். காய்க்கிற மரத்துக்கு மழைக்காலம் முடிந்ததும் தண்ணீர் விடமாட்டீர்கள். இரண்டு மூன்று மாதம் காயவிடுவீர்கள். பனியும் வறட்சியும் சேர்ந்து மரத்தை அழுத்தினால்தான் பூ எடுக்கும். அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் துளிர் விட்டுவிடும், பூ தள்ளிப்போகும். பூ எடுத்து, பட்டாணி அளவுக்குப் பிஞ்சு பிடித்த பிறகுதான் மறுபடி தண்ணீர். 'பார்த்தாயா, வறட்சியில்தான் பூக்கிறது' என்று இதைக் காட்டி யாராவது உங்களுக்கு உபதேசம் செய்திருக்கவும் கூடும்.

அந்த உபதேசம் பாதிதான். போன ஆடியில் வைத்த ஒட்டுச் செடியை அதே மாதிரி காயப்போடுவீர்களா? ஒரு கோடைகூட தாங்காது. அதற்குக் குடத்தில் சுமந்தாவது தண்ணீர் ஊற்றுவீர்கள், தென்னை ஓலை வைத்து நிழல் கட்டுவீர்கள், ஆடு கடிக்காமல் முள் போடுவீர்கள். அதுமட்டுமா? முதல் மூன்று வருஷம் அது பூத்தாலும் பூவைக் கிள்ளி எறிந்துவிடுவோம். வேர் பிடிக்காத செடி காய்க்கப் போனால் அதன் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தவர்கள் நாம். இருபது வருஷ மரத்துக்கு நல்லது செய்கிற அதே வறட்சி ஒரு வருஷச் செடியைக் கொன்றுவிடுகிறது. எது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் தோட்டக்காரர் தண்ணீரை நிறுத்துவதும் விடுவதும்.

நீங்கள் உங்கள் பழைய வாழ்க்கையில் இருபது வருஷ மரமாக இருந்திருக்கலாம். கணவர் இல்லாத இந்த வாழ்க்கையில் நீங்கள் போன ஆவணியில் நட்ட செடி. நிலத்துக் கணக்கு, கடன், மகள் படிப்பு, ராத்திரி கதவைத் தாழ் போடுவது வரைக்கும் எல்லாம் புதிது. இந்த நேரத்தில் உங்களிடம் பூவைக் கேட்பது தவறு. நீங்களே உங்களிடம் கேட்பதும் தவறுதான். இப்போது பார்க்க வேண்டியது வேர் பிடிக்கிறதா என்பதை மட்டும்.

வேர் பிடிப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் அந்தக் கோபம். சாமி மேல் கோபம் வந்தால் பக்தி போய்விட்டது என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். நம் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மழை பொய்த்த வருஷத்தில் பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத கூழும் சோறும் வாங்கி, ஒன்றாகக் கலந்து, பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைக்கிற 'மழைச்சோறு' தமிழ்நாட்டின் வறண்ட பக்கங்களில் எல்லாம் இருந்த வழக்கம். கொடும்பாவி கட்டி இழுத்து, செத்த வீட்டில் அழுவதுபோல மாரடித்து அழுவார்கள். 'எங்களை இப்படி விட்டுட்டியே' என்று ஊரே சேர்ந்து சாமியைக் கேட்டது. அதை யாரும் நாத்திகம் என்று சொல்லவில்லை. சடங்கு என்றுதான் சொன்னார்கள்.

கோடையில் உங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது போயிருப்பீர்கள். பதினெட்டாம் நாள் படுகளம் வரைக்கும் கூந்தலை முடியாமல் நிற்கிற ஒருத்தியைத்தான் நாம் அம்மனாக வைத்துப் பொங்கல் வைக்கிறோம். அவளை யாரும் 'கோபத்தை விட்டுட்டு வா, அப்புறம் சாமியாக்கறோம்' என்று சொல்லவில்லை. கோபத்தோடேயே கோயில் கட்டினார்கள். உங்கள் கோபம் உண்மையானது, நியாயமானது. அதை விளக்குக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'எனக்கு உன்மேல கோபம், இன்னிக்கு கும்பிட வரல, திட்டத்தான் வந்தேன்' என்று சொன்னாலும் அது சாமியிடம் பேசுவதுதான். மனசு கல்லாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். 'இது பாவமா' என்று கல் கேட்காது, சகோதரி. சொல்ல முடியாத கோபத்தை அமுக்கி வைத்தால் அதோடு சேர்ந்து அன்பும் அழுகையும்கூட மரத்துப் போகும். கோபத்துக்கு வழி விட்டால் மற்றவையும் மெதுவாகத் திரும்பும்.

அடுத்தது பந்தலடி. அங்கே மூச்சு சீராவதற்குக் காரணம் இருக்கிறது. துக்கத்தில் இருக்கிற மனசு 'அன்றைக்கு ராத்திரி சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்' என்று பின்னால் ஓடும், 'அடுத்த வருஷம் ஃபீஸ் எப்படிக் கட்டுவேன்' என்று முன்னால் ஓடும். அவரைக் கொழுந்தில் அசுவினிப் பூச்சி அப்பியிருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்க்கிற நேரத்தில் அது எங்கேயும் ஓட முடியாது. கையில் இருக்கிற இலையில்தான் இருக்கும். மனச்சோர்வுக்குத் தருகிற சிகிச்சைகளில் 'பிஹேவியரல் ஆக்டிவேஷன்' என்று ஒன்று உண்டு. மனசு வரட்டும், அப்புறம் வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையை நேரம் வைத்து முதலில் செய்வது, மனசு பின்னால் வந்து சேரும் என்பது அதன் அடிப்படை. உங்களுக்கு யாரும் சொல்லித் தராமலேயே அதை நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதைப் பாவம் என்று நிறுத்திவிடாதீர்கள். காலையிலும் சாயங்காலமும் நேரம் குறித்து, மழை தூறினாலும் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இதில் ஆன்மிகம் எங்கே என்று கேட்பீர்கள். என் கணிப்பைச் சொல்கிறேன். டிசம்பரில் எல்லாவற்றையும் தண்ணீர் கொண்டுபோனது. ஜூனில் காய்த்ததற்கும் விலை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் ஆடியில் அவரை விதை போட்டிருக்கிறீர்கள். என்ன விளையும், எவ்வளவு கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லாமல் தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். நான் பக்தி என்று எதைச் சொல்வேனோ அது இதில் முழுசாக இருக்கிறது. நீங்கள் எதிர்பார்க்கிற ஆன்மிக வளர்ச்சி என்பது மனசு பொங்கி, கண்ணீர் வந்து, அமைதி நிறைகிற ஓர் அனுபவம். அது வந்தால் சந்தோஷம். ஆனால் அது வராத காலத்திலும் ஓர் உயிரை விடாமல் பார்த்துக்கொள்கிறவள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறாள். அவளுக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

உங்கள் அவரை விஷயமும் அதுதான். ஆடிப்பட்டத்தில் போடுகிற நாட்டு அவரை பகல் குறுகி, பனி இறங்கினால்தான் பூக்கும். இப்போது புரட்டாசி. கொடி ஓடுகிற மாதம் இது. பூக்கவில்லை என்று உரத்தை அள்ளிப் போட்டால் இன்னும் இலைதான் வரும். பந்தல் கம்பு பலமாக இருக்கிறதா, ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது உங்கள் மாமியாரைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அவர் ஒரே ஒரு வரியில் வருகிறார், உங்களைக் குறை சொல்கிறவராக. நான் அந்த வரியில்தான் ரொம்ப நேரம் நின்றேன். அவர் மகனை இழந்த தாய், சகோதரி. பெற்ற பிள்ளைக்குக் காரியம் செய்து பார்த்துவிட்டு, அதே வீட்டில் அதே திண்ணையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். 'சாமியையே மறந்துட்டியா' என்பதில் அதிகாரம் இருக்கலாம். ஆனால் எனக்குப் பயம்தான் அதிகமாகக் கேட்கிறது. இருப்பது நீங்களும் பேத்தியும்தான். சாமி குத்தம் ஆகி உங்களுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். கோயில் அவருக்குப் பந்தலடி மாதிரி. அங்கேதான் அவருக்கு மூச்சு சீராகிறது போல. அதனால் உங்களையும் அங்கேயே கூப்பிடுகிறார்.

அவரிடம் வாதம் செய்யாதீர்கள். பந்தலடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு பலகை போட்டு உட்கார வையுங்கள். இது என்ன அவரை, முன்பு வீட்டில் என்னென்ன அவரை வைத்தீர்கள், விதையைச் சாம்பலில் புரட்டி எப்படி எடுத்து வைப்பீர்கள் என்று கேளுங்கள். தண்ணீர் இல்லாத வருஷங்களில் இந்தக் குடும்பம் எப்படிச் சமாளித்தது என்று கேளுங்கள். அந்த வயதுக்காரர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை வறட்சியைப் பார்த்திருக்கிறார்கள்! பேச்சு எப்படியும் மகனிடம் வந்து நிற்கும். நிற்கட்டும். இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. பல வீடுகளில் மாமியாரும் மருமகளும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுகிறார்கள். வெள்ளிக்கிழமை உங்கள் கனகாம்பரத்தைப் பறித்துக் கட்டிக் கொடுத்து அவரைக் கோயிலுக்கு அனுப்புங்கள். உங்களுக்குப் போகத் தோன்றுகிற நாளில் கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். வீட்டு விளக்கை மட்டும் விடாதீர்கள். அது உங்கள் மனசுக்காக மட்டும் இல்லை, திண்ணையில் இருப்பவருக்காகவும்தான்.

'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்கிறார்களே, அந்தத் தண்ணீர் யாராவது ஒருவர் கையால்தான் வந்து சேரும். யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உங்கள் கணவர் உறுப்பினராக இருந்தாரா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அதில் இறப்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. மகள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா பாருங்கள். விதவை ஓய்வூதியத்துக்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்றும் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மணல் மூடிய முக்கால் ஏக்கருக்கு என்னைவிட நல்ல பதில் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூரில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் கிடைக்கும். கொஞ்சம் மண்ணை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மணலை எவ்வளவு அள்ள வேண்டும், பசுந்தாள் உரமாகச் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்துப் பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதால் போதுமா, கொள்ளு மாதிரி செலவில்லாத பயிர் வருமா என்று அவர்கள் சொல்வார்கள். இந்த வருஷம் முழுவதையும் சரிசெய்ய வேண்டும் என்று இல்லை. ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தால் போதும்.

கடைசியாக, அந்த மூன்று மணி. இதைக் கவனமாகப் படியுங்கள். கணவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் விடியலுக்கு முன்னால் விழிப்பு வந்து தூக்கம் வராமல் கிடப்பதும், எதையும் உணர முடியாமல் மரத்துப்போவதும் சாதாரணத் துக்கமாகவும் இருக்கலாம், மருத்துவம் தேவைப்படுகிற மனச்சோர்வாகவும் இருக்கலாம். நீண்டு நிற்கிற துக்கத்தை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் தனியாகவே சேர்த்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்க்கை நடத்த முடியாதபடி அது அழுத்தினால் சிகிச்சை தேவை என்பது கணக்கு. கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நேரில் ஒருவர் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. மாத்திரை தேவைப்பட்டால் சாப்பிடுங்கள். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை போடுகிறவர்களைப் பக்தி இல்லாதவர்கள் என்று நாம் சொல்வதில்லையே.

ஒன்றை நேராகவே கேட்கிறேன். இது என் வேலை, வருத்தப்படாதீர்கள். அந்த மூன்று மணிக்கு 'நானும் போய்விட்டால் என்ன' என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் அது உங்கள் குற்றம் இல்லை, ஆனால் அதோடு தனியாக இருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், பணம் கிடையாது. ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள். எண்ணம் வந்தாலும் வராவிட்டாலும், வீட்டிலோ மோட்டார் கொட்டகையிலோ மிச்சம் இருக்கிற பூச்சிமருந்து டப்பாக்களை இன்றைக்கே எடுத்துப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் பூட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நாலு கத்தரிக்கும் ஒரு அவரைப் பந்தலுக்கும் அது தேவையில்லை. அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போதும். விவசாயம் செய்கிற எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அவளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா தைரியமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவளும் விடுதியில் தனியாக அழுதுகொண்டிருக்கக்கூடும். டாக்டர் என்ன சொன்னார், தூக்கம் எப்படி இருக்கிறது என்று கார்த்திகைக்குள் எனக்கு மறுபடி எழுதுங்கள்.